கலப்பத்துக் கொக்கி

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் எழுத்து வரியில் நிற்காது. ஒரு பக்கம் ஏறும், மறுபக்கம் இறங்கும். ஐந்தாவது வரைதான் பள்ளிக்கூடம் போனேன். அதிலும் பாதிப் பாடம் இந்தியில். ஒற்று எங்கே வரும், எந்த லகரத்தை எங்கே போடுவது என்பதெல்லாம் எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான். தப்பு இருந்தால் படிக்கிறவர்கள் மனதுக்குள்ளேயே திருத்திக்கொள்ளுங்கள். வாயால் சொல்லியிருக்கலாமே என்றால், நாலு பேர் முன்னால் பேச எழுந்தாலே எனக்குக் காது சூடாகிவிடும். இதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

போன மாதம் எங்கள் வீட்டுக் குளியலறையில், சுவரும் தரையும் சேரும் இடத்தில் பூசியிருந்த சிலிக்கான் கறுத்துப் பிய்ந்துபோய், தண்ணீர் அடுத்த அறைக்கு இறங்க ஆரம்பித்தது. போர்ட் பிளேரில் ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போய்ப் புது டியூப் ஒன்று கேட்டேன். கடைப் பையன் டியூபோடு ஒரு சின்னக் கருவியையும் எடுத்து வைத்தான். மஞ்சள் பிளாஸ்டிக் பிடி, நுனியில் வளைந்த இரும்பு.

"பழச உரிச்சு எடுக்காமப் புதுசப் பூசுனா நிக்காது அங்கிள். இத மூலைல குடுத்து இழுங்க. நூல் மாதிரி வந்துரும்."

கையில் வாங்கினேன். கட்டைவிரல் தானாகப் போய் அதன் முதுகில் உட்கார்ந்துகொண்டது. அப்படி எத்தனை நேரம் நின்றேனோ தெரியவில்லை. பையன், "க்யா ஹுவா அங்கிள், வேணாமா?" என்று கேட்ட பிறகுதான் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

அப்பாவின் கொக்கிக்குப் பிளாஸ்டிக் பிடி கிடையாது. தேய்ந்துபோன அரம் ஒன்றைப் பழுக்கக் காய்ச்சி, நுனியை வளைத்து, படாக் மரத்தில் பிடி போட்டிருந்தார். டோங்கியின் பலகைகளுக்கு இடையில் அடைத்திருக்கும் பழைய பஞ்சையும், அதன் மேல் பூசிய மக்கையும் கிளப்பி எடுக்கிற கொக்கி அது. அந்த அடைப்பைக் கலப்பத்து என்பார்கள். டோங்கி என்றால் துடுப்புப் போடுகிற சிறிய பலகைப் படகு. இங்கே தீவில் எல்லாப் பாஷைக்காரர்களுக்கும் அது டோங்கிதான்.

அப்போது எங்களுக்குப் பேம்பூ பிளாட்டில் கரையை ஒட்டித் தகரக் கூரை வீடு. அப்பாவுக்கு எதிர்க்கரையில், சாத்தம் மர ஆலையில் பலகை அடுக்கும் வேலை. காலையில் ஃபெர்ரியில் போவார், சாயங்காலம் ஃபெர்ரியில் வருவார். ஞாயிற்றுக்கிழமை மீன் பிடிப்பதற்காகத்தான் சொந்த டோங்கி. அதில் எப்போதும் தண்ணீர் ஏறும். மூன்று பேர் போனால் ஒருவர் டால்டா டப்பாவால் இறைத்துக்கொண்டே வர வேண்டும். அது என் உத்தியோகம். அம்மா புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குறுக்குப் பலகையில் கால் இரண்டையும் மடக்கி உட்கார்ந்திருப்பாள்.

"உங்கப்பா டோங்கில ஏறுனா அன்னைக்குக் குளிக்கவே வேணாம்டா" என்பாள்.

"கடத்தண்ணி காலுக்கு நல்லது" என்பார் அப்பா.

அம்மாவுக்கு வயிற்றில் கட்டி வந்தது. இங்கே பார்த்த டாக்டர்கள் மெட்ராசுக்குக் கொண்டு போகச் சொன்னார்கள். கப்பலில் இரண்டு பேருக்குத்தான் டிக்கெட் கிடைத்தது. அம்மாவோடு மாமா போனார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. எங்களோடு தங்கிக் கொத்தனார் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். அப்பா என்னைப் பார்த்துக்கொள்ள இருந்துவிட்டார்.

ஹாடோ துறையில் அம்மாவை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, நாலு பேர் தூக்கிக்கொண்டு கப்பல் படியில் ஏறினார்கள். அம்மாவுக்குக் கூச்சம் தாங்கவில்லை. "எறக்கி விடுங்க, எல்லாரும் பாக்குறாங்க. நான் நடப்பேன்" என்று சொல்லிக்கொண்டே போனாள். பாதிப் படியில் திரும்பி என்னைப் பார்த்து, "தலைக்கு எண்ணெ வச்சுக்கடா. மாஷிட்டச் சொல்லு, வச்சு விடும்" என்றாள். மாஷி எங்கள் பக்கத்து வீட்டு வங்காளி அம்மாள்.

அன்றைக்குத் திரும்பி வரும்போது ஃபெர்ரித் துறையில் வழக்கமான நெரிசல். பாசி பிடித்த படி. சைக்கிளைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு ஒருவர், கோழிக் கூடையோடு ஒருவர், எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்கப் பார்த்தார்கள். நான் அப்பாவிடம் கேட்டேன்.

"ஆப்ரேசன் முடிஞ்சு வரும்போது அம்மா இந்தப் படில எப்படிப்பா எறங்கும்?"

அப்பா கொஞ்சம் யோசித்தார். "ஃபெர்ரி வேணாம். நம்ம டோங்கியக் கொண்டு போவோம். மெத்தையப் போட்டுப் படுக்க வச்சுக் கூட்டிட்டு வந்துருவோம்."

"மெத்த நனைஞ்சுருமே."

"நனையாமப் பண்ணுவோம்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டோங்கியைக் கரையேற்றித் தென்னங்கட்டைகள் மேல் கவிழ்த்துப் போட்டோம். பழைய கலப்பத்து முழுவதையும் எடுத்துவிட்டுப் புதிதாக அடைப்பது என்று முடிவானது. எடுக்கும் வேலை எனக்கு வந்தது. அப்பா ஆலையில் ஓவர்டைம் பார்த்துவிட்டு இருட்டுகிற நேரத்தில்தான் வருவார். நான் பள்ளிக்கூடம் விட்டதும் நேராகக் கொக்கியை எடுத்துக்கொண்டு போய்விடுவேன்.

கொக்கியின் நுனியை இரண்டு பலகைக்கும் நடுவில் கொடுத்து, கட்டைவிரலை அதன் முதுகில் வைத்து, நம் பக்கம் இழுக்க வேண்டும். ரொம்ப அழுத்தினால் பலகையின் விளிம்பு சிம்பு சிம்பாகப் பிய்யும். அழுத்தாவிட்டால் மேல்மக்கு மட்டும் பொடியாக உதிரும். சரியாகப் பிடிபட்டுவிட்டால், கறுத்துப்போன பழைய பஞ்சு கயிறு மாதிரி நீளமாக வரும். அது வரும்போது ஒரு சத்தம் கேட்கும், துணி கிழிகிற மாதிரி. அந்தச் சத்தத்துக்காகவே சாப்பாட்டை மறந்து உட்கார்ந்திருப்பேன். ஒரு பிளவு முடிந்தால் அம்மாவின் கப்பல் கொஞ்சம் கிட்டே வந்துவிட்ட மாதிரி இருக்கும்.

மாஷி தண்ணீருக்குப் போகும்போது என்னைச் சீண்டாமல் போகாது. "க்யா டாக்டர் சாப், ஆப்பரேசன் முடிஞ்சுதா?" என்று கேட்கும். நான் தலையைத் தூக்கமாட்டேன். "டாக்டருக்கு ரொம்பக் கூச்சம். இஸ்கா ஷாதி கைசே ஹோகா?" என்று குடத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு போகும். எனக்குக் கல்யாணம் எப்படி ஆகும் என்று மாஷிக்கு அப்போதே கவலை.

மாஷி போன பிறகு கரையில் யாரும் இருக்கமாட்டார்கள். நண்டுகள்தான் வெளியே வரும். நான் பஞ்சு எடுத்த பிளவில் வாயை வைத்து டோங்கிக்குள்ளே பேசுவேன். கவிழ்ந்த டோங்கிக்குள் குரல் பெரிதாகிச் சுற்றி வரும். பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது, கறி கருகியது, அப்பா என் சட்டையைக் கிழிசலோடு துவைத்துப் போட்டது எல்லாவற்றையும் அம்மாவிடம் சொல்வதுபோல் அதற்குள் சொல்லி வைப்பேன்.

பிளவுகளெல்லாம் வெறுமையானதும் அப்பா அடைக்க ஆரம்பித்தார். பஞ்சைத் திரியாக முறுக்கி, மழுங்கிய உளியை வைத்துத் தட்டி இறக்குவார். மேலே குங்கிலியப் பொடியைக் கர்ஜன் எண்ணெயில் குழைத்துப் பூசுவார். கர்ஜன் எண்ணெய் என்றால் இங்குள்ள ஒரு காட்டு மரத்தின் எண்ணெய். ஒரு பக்கம் முடிந்து மறுபக்கம் பாதி வந்திருந்தபோது மெட்ராஸ் கப்பல் வந்தது.

அன்று அப்பா வேலையிலிருந்து நேராக ஹாடோவுக்குப் போய்விட்டார். நான் கவிழ்ந்த டோங்கியின் மேல் ஏறி உட்கார்ந்து ஃபெர்ரித் துறைப் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா முன்னால் வந்தார். பின்னால் மொட்டைத் தலையோடு ஒருவர் வந்தார். நடையை வைத்துத்தான் அது மாமா என்று கண்டுபிடித்தேன். அம்மா வரவில்லை.

"என்ன மருமகனே, நல்லா இருக்கியா?" என்றார் மாமா.

"அம்மா எங்க?"

"டாக்டரு இன்னும் கொஞ்ச நாள் இருக்கச் சொல்லிட்டாரு."

"மொட்ட?"

மாமா தலையைத் தடவிக்கொண்டார். "இதுவா, திருப்பதிக்கு. அம்மாவுக்காக வேண்டிக்கிட்டேன்."

படிக்கிறவர்களுக்கு நான் மறைக்க வேண்டியதில்லை. அம்மா ஆப்பரேஷன் மேஜையிலிருந்து இறங்கவே இல்லை. இங்கிருந்து அங்கே போகக் கப்பலில் நாலைந்து நாள் ஆகும். அதனால் மெட்ராசிலேயே எரித்துவிட்டார்கள். நான் வைக்க வேண்டிய கொள்ளியை மாமா வைத்திருந்தார். நான் எடுக்க வேண்டிய மொட்டையை மாமா எடுத்திருந்தார். அப்பாவுக்கு அன்றைக்குத் துறையில் தெரிந்துவிட்டது. எனக்கு மட்டும் தெரியாது.

நான் நம்பினேன். தீவில் வளர்ந்த யாரும் நம்புவார்கள். இந்தக் கப்பலில் வராதவர்கள் அடுத்த கப்பலில் வருவார்கள். டிக்கெட் கிடைக்காது, புயல் எச்சரிக்கை இருக்கும், கப்பல் பழுதுபார்க்கப் போயிருக்கும். இன்ன நாளில் வருவேன் என்று சொன்னவர் அதே நாளில் வந்தால்தான் எங்களுக்கு ஆச்சரியம்.

இரவுச் சாப்பாட்டின்போது மாமாவைத் துளைத்து எடுத்தேன்.

"அம்மாவ இப்ப யாரு பாத்துக்கிறா?"

"நர்சுங்க இருக்காங்கல்ல."

"என்ன சாப்புடுது?"

"கஞ்சி."

"தொட்டுக்க?"

மாமா கையைப் பிசைந்த சோற்றிலேயே வைத்துக்கொண்டிருந்தார். "தொவையலு" என்றார். பிறகு தன் தட்டிலிருந்த மீனை என் தட்டில் தள்ளிவிட்டு எழுந்துபோனார். கப்பல் சாப்பாடு வயிற்றுக்கு ஆகவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அந்த மீனையும் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு ஊரே எனக்கு நல்லதாக மாறிவிட்டது. இங்கே வங்காளி, தெலுங்கர், மலையாளி என்று ஆளுக்கொரு பாஷை. குழாயடியில் தினமும் சண்டை நடக்கும். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் எல்லோரும் ஒன்றாக வாயை மூடிக்கொண்டார்கள். வாத்தியார் வீட்டுப்பாடம் கேட்கவில்லை. மாஷி டாக்டர் என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டது. சாயங்காலமானால் வந்து என் தலையில் எண்ணெயை வைத்து அழுத்தித் தேய்க்கும். பையன்கள் கிரிக்கெட்டில் என்னை அவுட்டாக்குவதே இல்லை. ஸ்டம்பு விழுந்தாலும், "நோ பால், நீ ஆடு" என்பார்கள். அவுட்டே ஆகாமல் ஆடிக்கொண்டிருப்பது எனக்கு என்னவோபோல் இருந்தது. மட்டையைக் கீழே போட்டுவிட்டு டோங்கியிடம் வந்துவிடுவேன்.

ஒரு நாள் காலையில் வீட்டுக்குப் பின்னால் அப்பாவும் மாமாவும் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"சொல்லிரு மச்சான். ஊருக்கே தெரிஞ்சு கெடக்கு. எந்தப் பயலாவது ஒளறிருவான்."

"டோங்கி முடியட்டும் மாப்ள. அவன அதுல ஏத்திக்கிட்டுப் போயி நானே சொல்லிர்றேன்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அம்மா வரும் கப்பலின் தேதி தெரிந்துவிட்டது, டோங்கி தயாரானதும் சொல்லப்போகிறார்கள் என்று புரிந்துகொண்டேன். அன்றிலிருந்து எனக்கு ஒரே அவசரம். அப்பா வருவதற்குள் பஞ்சை முறுக்கி வைப்பேன், குங்கிலியத்தைப் பொடித்து வைப்பேன், எண்ணெயை அளந்து வைப்பேன்.

ஆனால் அப்பா நான் முறுக்கி வைத்த பஞ்சைத் தொடவே இல்லை. ஏற்கனவே அடைத்து முடித்த பக்கத்துக்குப் போனார். குனிந்து பார்த்தார். கொக்கியை எடுத்து நல்ல பிளவு ஒன்றில் கொடுத்து இழுத்தார். காயாத மக்கோடு வெள்ளைப் பஞ்சு அப்படியே வெளியே வந்தது.

"என்னப்பா பண்ற?"

"இது சரியாப் பிடிக்கல."

"நல்லாத்தான இருந்துச்சு."

"ஒழுகும்."

"தண்ணில விட்டாத்தானப்பா தெரியும்?"

"எனக்குத் தெரியும்டா."

அன்றைக்கு ஒரு பிளவைத் திறந்தார், அதையே மறுபடி அடைத்தார். மறுநாள் வேறொரு பிளவு. நான் அந்தப் பக்கம் ஒரு முழம் முன்னேற்றி வைத்தால் அவர் இந்தப் பக்கம் இரண்டு முழம் பிரித்துப் போடுவார். மணலில் புதுப் பஞ்சு சிதறிக் கிடக்கும். மாஷி வீட்டுக் கோழிகள் அதைக் கொத்திக்கொண்டு ஓடும். மாமா ஒருமுறை பக்கத்தில் வந்து நின்று பார்த்துவிட்டு, "இப்படியே சொரண்டுனா பலகதான் மச்சான் தேயும்" என்றார். அப்பா கொக்கியின் நுனியைத் துணியால் துடைத்தார்.

எனக்கு அப்பாமேல் கோபம் கோபமாக வந்தது. அம்மா அங்கே நர்சுகளுக்கு நடுவில் கஞ்சி குடித்துக்கொண்டு கிடக்கிறாள்; இவர் இங்கே நல்ல அடைப்பைப் பிரித்துக்கொண்டிருக்கிறார். இந்த வேகத்தில் போனால் அம்மா வந்து அந்தப் பாசிப் படியில்தான் இறங்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா கைகழுவப் போன நேரத்தில் கொக்கியை எடுத்தேன். கரையிலிருந்து கடலுக்குள் கொஞ்ச தூரம் போகிற பலகைப் பாலம் ஒன்று இருந்தது. அதன் நுனிவரை ஓடி, கையைச் சுழற்றி வீசினேன். பிடி மரம் என்பதால் மிதந்துவிடுமோ என்று பயந்து நின்று பார்த்தேன். மிதக்கவில்லை.

அப்பா வந்து டோங்கியைச் சுற்றித் தேடினார்.

"கொக்கி எங்கடா?"

"கடல்ல."

மாமா அடிக்கக் கையை ஓங்கினார். அப்பா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "எந்தப் பக்கம் போட்ட?" என்று மட்டும் கேட்டார். காட்டினேன்.

தண்ணீர் வற்றியிருந்த நேரம். அப்பா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். முழங்கால் ஆழம், பிறகு இடுப்பாழம். கால் விரலால் சேற்றைத் துழாவினார், குனிந்து கையால் துழாவினார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே தேடினார். ஆனால் தேடுகிற இடம் தப்பு. நான் பாலத்தில் நின்று கத்தினேன்.

"அங்க இல்லப்பா. இன்னும் தள்ளி. சோத்துக்கைப் பக்கம்."

அவர் திரும்பவில்லை. நின்ற இடத்திலேயே நின்று குனிந்துகொண்டிருந்தார். தோள் இரண்டும் குலுங்கிக்கொண்டிருந்தன. சேறு காலை இழுக்கிறது என்று நினைத்தேன். "சொன்னாக் கேளுப்பா. அங்க போடல நான்" என்று திரும்பவும் கத்தினேன். மாமா, "நீ சும்மா இருடா" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் மாஷி வந்து என் பக்கத்தில் நின்றது.

தண்ணீர் ஏற ஆரம்பித்த பிறகு அப்பா வெறுங்கையோடு வந்தார். கண் சிவந்திருந்தது. உப்புத் தண்ணீர் பட்டால் எனக்கும் அப்படித்தான் சிவக்கும். என்னைத் திட்டவில்லை. மிச்சமிருந்த பஞ்சை எடுத்து, உளியை வைத்துத் தட்ட ஆரம்பித்தார். இருட்டுகிறவரை தட்டினார். அதற்குப் பிறகு எந்தப் பிளவையும் திறக்கவில்லை. திறக்கக் கருவியும் இல்லை.

மக்கு காய்ந்ததும் டோங்கியைக் கடலில் இறக்கினோம். பலகை ஊறட்டும் என்று இரண்டு நாள் கட்டிப் போட்டிருந்தோம். மூன்றாம் நாள் காலையில் நான் அம்மாவின் கட்டிலில் கிடந்த மெத்தையைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு வந்தேன். அப்பா அதைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. அவரே வாங்கி டோங்கியின் நடுவில் விரித்தார். மாமா பாலத்தில் நின்றார், வரவில்லை.

அப்பா துடுப்புப் போட்டார். நான் டால்டா டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே தண்ணீர் வருகிறது என்று பலகை பலகையாகப் பார்த்தேன். வரவில்லை. பெருமையோடு நிமிர்ந்தபோது ஹாடோ பக்கம் பார்த்தேன். துறையில் கப்பல் எதுவும் இல்லை.

"கப்பல் இன்னும் வரலையேப்பா."

அப்பா துடுப்புகளைத் தூக்கி உள்ளே வைத்தார். பேம்பூ பிளாட்டுக்கும் சாத்தத்துக்கும் நடுவில் டோங்கி சும்மா ஆடிக்கொண்டு நின்றது. அப்பா சொன்னார். சுற்றி வளைக்காமல் சொன்னார். அம்மா செத்துப்போச்சுடா, மெட்ராஸ்லயே எரிச்சாச்சு, மாமாதான் கொள்ளி வச்சான்.

நான் யோசித்துப் பார்த்தேன்.

"அப்ப மாமா கஞ்சின்னு சொன்னது?"

"பொய்யி."

"தொவையலு?"

"எல்லாம் பொய்யிதான்."

"திருப்பதிக்குப் போனது?"

"போகலடா."

சாமி பேரைச் சொல்லிப் பொய் சொல்லிவிட்டாரே என்று எனக்கு மாமாமேல்தான் ஆத்திரம் வந்தது. வீட்டுக்குப் போனதும் அவரோடு பேசக்கூடாது என்று நினைத்துக்கொண்டேன். அழுகை வரவில்லை. அழ வேண்டும் என்று தெரிந்தது; எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. டப்பாவைக் கையிலேயே வைத்திருந்தேன்.

"படுத்துக்க" என்றார் அப்பா.

மெத்தையில் படுத்தேன். முதுகுக்குக் கீழே தண்ணீர் ஓடுவது பலகை வழியாகக் கேட்டது. மேலே வானமும் அப்பாவின் முகமும் மட்டும் தெரிந்தன. அப்பா மறுபடி துடுப்பை எடுத்தார். கொஞ்ச தூரம் சாத்தத்தைப் பார்த்துப் போனார், அங்கிருந்து திரும்பினார். எங்கள் கரை கிட்டே வந்ததும் மறுபடி திரும்பினார். ஃபெர்ரி ஒன்று எங்களைக் கடந்துபோனது, ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பியும் வந்தது. அதிலிருந்து யாரோ அப்பாவைப் பார்த்துக் கையைத் தூக்கினார்கள். அவர் கவனிக்கவில்லை. வெயில் ஏறியது. அவர் துடுப்புப் போட்டுக்கொண்டே இருந்தார்.

இந்தப் பக்கம் எங்கள் வீட்டுத் தகரக் கூரை, அந்தப் பக்கம் அவர் தினமும் வேலைக்குப் போகிற சாத்தம். இரண்டும் கண்ணுக்கு எதிரே இருக்கும்போது அப்பாவுக்கு வழி மறந்துவிட்டது என்று நினைத்தேன். சொன்னால் வெட்கப்படுவாரே என்று, தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டேன்.

பேம்பூ பிளாட்,
14 ஜூலை 2024, ஞாயிற்றுக்கிழமை.